புலியும் இராட்டையும்: ஐ.என்.ஏ. சின்னங்களை அடையாளம் காணுதல்

பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழைக்கு அருகே இருக்கிறது ஆனைக்கரை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் அவ்வூர் வடக்கத்து வீட்டுப் பெண். அவருடைய மகள் லட்சுமி 1914இல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூருக்குப் போய், 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்றார். 'கேப்டன் லட்சுமியின் படையில் அணிந்த சின்னம்' என்ற குறிப்போடு இன்று ஒரு பித்தளை வில்லை விற்பனைக்கு வந்தால் அதை நம்புவதா, தள்ளுவதா? இந்தியப் படைச் சின்னங்களைச் சேகரிப்பவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகளில் இதுவே மிகக் கடினமானது. இதற்கு என் விடை இது: ஐ.என்.ஏ. சின்னம் ஒன்று பொய் என்பதை அந்தப் பொருளே காட்டிக்கொடுத்துவிடும்; மெய் என்பதை அது மட்டும் ஒருநாளும் நிறுவாது. அது யார் நெஞ்சிலிருந்து கழன்று, எந்தப் பெட்டியில் கிடந்து, யார் கை வழியாக வந்தது என்ற வரலாறுதான் மெய்யை நிறுவும். அந்த வரலாற்றை அறுத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விற்கும் பழக்கம், விற்கிற பொருளின் அடையாளத்தையே அழிக்கிறது.

இது எல்லாப் படைச் சின்னங்களுக்கும் பொருந்தும் விதி அல்ல. முறையான படையின் சின்னத்துக்குப் பின்னால் ஒரு நிர்வாகமே நிற்கிறது. பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு சின்னத்துக்கும் முத்திரையிட்ட மாதிரி ஒன்று பாதுகாக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்தே அச்சு வெட்டினார். பர்மிங்ஹாமின் ஜே.ஆர்.காண்ட் போன்ற நிறுவனங்கள் பின்பக்கத்தில் தம் பெயரைப் பொறித்தன. சீருடை விதிநூல் எந்த உலோகம், எந்தத் தொப்பி, எந்தப் பதவி என்று சொன்னது. சென்னை ரெஜிமெண்ட்டின் யானை 1803 அசாயே போரின் நினைவாக வந்தது. அந்த யானையின் துதிக்கை வளைவையும் பின்புறக் கொக்கியையும் ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு வில்லை ஏறத்தாழ எக்காலத்தது என்று சொல்லிவிட முடியும். திருவிதாங்கூர்ப் படையின் சங்குச் சின்னமும் அப்படியே. அப்படை 1954இல் சென்னை ரெஜிமெண்ட்டோடு இணைந்ததால் அந்தச் சங்குக்கு ஒரு முடிவுத் தேதியும் கிடைத்துவிடுகிறது. சேகரிப்பாளர்கள் கற்றுக்கொள்ளும் கலை பெரும்பாலும் இத்தகைய படைகளை வைத்து உருவானது. அச்சை ஒப்பிடு, தயாரிப்பாளரைக் கண்டுபிடி, விதிநூலோடு பொருத்து: இந்த மூன்றும் அங்கே போதும்.

ஐ.என்.ஏ.வுக்கு வந்தால் மூன்றும் கைவிட்டுவிடுகின்றன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கைதான இந்தியச் சிப்பாய்களிலிருந்து மோகன் சிங் தலைமையில் முதல் படை உருவானது. ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கில் அவ்வாண்டு டிசம்பரில் அவர் கைதானார். படை கலைந்தது, அதன் சின்னங்களும் தாள்களும் அழிக்கப்பட்டன. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு எழுந்தது இரண்டாம் படை. அது ஏறத்தாழ 40,000 பேர் வரை வளர்ந்து, இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. இடையில் உணவு, துணி, உலோகம் எல்லாவற்றுக்கும் பஞ்சம். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது. படை உடுத்திய காக்கியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கிடங்குகளில் பிடிபட்டது. ஆகவே பிரிட்டிஷ் தையலும் பிரிட்டிஷ் பொத்தானும் கொண்ட சட்டை ஐ.என்.ஏ. சட்டையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சட்டையே விடை சொல்லாது. சின்னங்களைச் செய்ய ஒரு காண்ட் நிறுவனம் அங்கே இல்லை. உள்ளூர்ப் பட்டறைகளும் தையல்காரர்களும் கைக்கு அகப்பட்ட தகட்டிலும் துணியிலும் செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சூழலில் இரண்டு மெய்ச் சின்னங்கள் ஒன்றுபோல் இல்லாமலிருப்பதே இயல்பு. ஒரே அச்சில் வார்த்தது போன்ற பத்து வில்லைகள் ஒரு கடையில் கிடந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது.

அப்படியானால் பொருளைப் பார்த்து எதையுமே சொல்ல முடியாதா? சொல்லலாம், பெரும்பாலும் 'இல்லை' என்றுதான். ஐ.என்.ஏ. சின்னத்தின் நடுவே இருப்பது இந்திய வரைபடம். அது 1947க்கு முந்தைய, பிரிக்கப்படாத இந்தியா. சிந்துவும் பஞ்சாபின் மேற்குப் பாதியும் கிழக்கு வங்கமும் வெட்டுப்பட்ட கோட்டோடு ஒரு வில்லை வந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. படையின் முழக்கம் இத்திஃபாக், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் இச்சொற்கள் ரோமன் எழுத்தில் எழுதப்பட்டன, ஏனென்றால் பல மொழிக்காரர்கள் சேர்ந்த படைக்கு ரோமன் எழுத்து இந்துஸ்தானியைப் பொதுமொழியாக வைத்தார் போஸ். இந்த முழக்கத்தைத் தேவநாகரியில் தாங்கி வரும் உலோக வில்லையைப் பிற்கால நினைவுப் பொருளாகக் கருதித் தொடங்குவதே நல்லது. ஆனால் எழுத்துக்கூட்டலை வைத்து முடிவுகட்டும் வணிகர்கள் தவறு செய்கிறார்கள். ரோமன் இந்துஸ்தானிக்கு ஒரே எழுத்துக்கூட்டல் இருந்ததில்லை. ஒரே சொல் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டது. பதவிக் குறியீட்டிலும் இப்படி ஒரு பொறி உண்டு. லட்சுமி படையில் லெஃப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். மக்கள் வாயில் நிலைத்தது 'கேப்டன்' மட்டும். அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் கேப்டன் பதவிச் சின்னம் எந்தக் காலத்தது, பதவி உயர்வுக்கு முன்னதா என்ற கேள்விக்கு விற்பவர் பதில் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற பெயரைக் கேட்டு வாங்குபவர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. போலி செய்பவர் அதை நம்பித்தான் செய்கிறார்.

இன்னும் பெரிய குழப்பம் பாயும் புலியால் வருகிறது. ஐ.என்.ஏ. என்றதும் பலருக்கு மூவண்ணத்தின் நடுவே பாயும் புலி நினைவுக்கு வருகிறது. அந்தப் புலி பிறந்தது ஐரோப்பாவில். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை வைத்து போஸ் ஜெர்மனியில் உருவாக்கிய 'சுதந்திர இந்தியா' படையணி, ஜெர்மானிய ராணுவத்தின் 950ஆம் காலாட்படை ரெஜிமெண்ட்டாக இருந்தது. அவர்கள் சட்டைக் கையில் தைத்த கேடய வடிவ வில்லையில் மேலே ஜெர்மன் மொழியில் படையின் பெயர், கீழே காவி வெள்ளை பச்சைப் பட்டைகள், குறுக்கே பாயும் புலி. கிழக்கே சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் பறந்தது காங்கிரஸின் இராட்டைக் கொடி. ஆகவே புலி வில்லையை 'ஜான்சி ராணிப் படை வில்லை' என்று விற்பவர் இரண்டு கண்டங்களை ஒரே துணியில் தைக்கிறார். கிழக்கிலும் புலியைத் தோளில் அணிந்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர், இன்ன இடத்தில் இன்ன தேதியில் எடுத்த படத்தில் புலி தெரிகிறது என்று காட்ட வேண்டும். நூலின் தலைப்பில் புலி இருப்பது சான்றாகாது.

புலி வில்லைக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 1944 ஆகஸ்டில் அப்படையணி வாஃபன் எஸ்.எஸ். பொறுப்பில் சேர்க்கப்பட்டது. அதனால் அதன் சின்னங்கள் உலகெங்கும் நாஜிக் காலப் பொருள்களைச் சேகரிப்பவர்களின் வேட்டைப் பட்டியலில் ஏறிவிட்டன. அந்தச் சந்தையில் பணம் அதிகம், போலியும் அதிகம். புலித்தலை பொறித்த கழுத்துப்பட்டை வில்லை ஒன்று அவ்வப்போது தலைகாட்டுகிறது. அப்படி ஒன்று திட்டமிடப்பட்டிருக்கலாம். இந்திய வீரர்கள் அணிந்ததற்கு ஏற்கத்தக்க படச் சான்று காட்டப்படாதவரை அதை அணிந்த சின்னம் என்று வாங்குவது நியாயமில்லை. பதக்கங்களின் நிலை இன்னும் கடினம். ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த், ஷஹீத்-இ-பாரத் என்று போஸ் நிறுவிய விருதுகளின் உலோகப் பதக்கங்களை வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம் செய்தது. போருக்குப் பிறகும் அந்த நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளில் பதக்கங்களை அடித்துக்கொண்டிருந்தது என்பது அத்துறையில் தெரிந்த செய்தி. அச்சு அதே அச்சு, பட்டறை அதே பட்டறை, காலம் மட்டும் வேறு. இங்கே அச்சை ஒப்பிடும் கலை என்ன செய்யும்? 1943இல் அடித்ததும் 1955இல் அடித்ததும் பூதக்கண்ணாடிக்குக் கீழே கைகோத்து நிற்கும். அவற்றைப் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: முதலாவதற்கு ஒரு மனிதர் உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

மெய், போலி என்ற இரண்டு கூடைகளில் எல்லாவற்றையும் போட்டுவிட முடியும் என்ற எண்ணத்தையும் விட வேண்டியிருக்கிறது. நடுவில் பெரிய மூன்றாம் கூடை ஒன்று இருக்கிறது. 1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் தில்லான் ஆகியோர் மீதான விசாரணை தொடங்கியபோது நாடே கொந்தளித்தது. ஐ.என்.ஏ. வாரம் கொண்டாடப்பட்டது, நிவாரண நிதி திரட்டப்பட்டது, நேதாஜி போஸின் படமும் 'ஜெய் ஹிந்த்' சொல்லும் தாங்கிய பொருள்கள் வீடுவீடாகப் பரவின. பிறகு முன்னாள் வீரர் சங்கங்கள் தமக்கென வில்லைகள் செய்துகொண்டன. சுதந்திர வெள்ளி விழாவான 1972இல் தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரமும் ஓய்வூதியமும் கிடைத்தன. அன்று மேடையேறிய முதியவர் நெஞ்சில் இருந்தது 1944இல் இம்பால் போர்முனைக்குப் போன வில்லையா, 1960களில் சங்கம் கொடுத்ததா? இரண்டும் அவருக்கு உண்மையானவை. அவர் பேரனும் பொய் சொல்லாமலே 'தாத்தா ஐ.என்.ஏ.வில் அணிந்தது' என்பார். இத்தகைய பொருளைப் போலி என்று இகழ்வது அநியாயம். போர்க்களச் சின்னம் என்று விற்பதும் அநியாயம். அதற்குரிய பெயரோடு, அதற்குரிய காலத்தோடு பதிந்தால் அது தனக்கே உரிய மதிப்புடைய ஆவணம்.

படங்களே இறுதிச் சான்று என்று சிலர் நம்புகிறார்கள். அவை உதவுகின்றன, எல்லையோடு. அணிவகுப்பைப் பார்வையிடும் போஸ், அருகே லட்சுமி, வரிசையில் மடிப்புத் தொப்பி அணிந்த பெண்கள்: இப்படங்கள் சின்னம் உடலில் எந்த இடத்தில் இருந்தது, ஏறத்தாழ எவ்வளவு பெரியது என்று காட்டும். ஆனால் அவை கறுப்பு வெள்ளை. பல அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் தொப்பிச் சின்னம் ஒளிப்புள்ளியாகத்தான் தெரிகிறது. மேலும் பெரும்பாலானவை விழாப் படங்கள். விழாவுக்கு அணிந்ததைக் காட்டில் அணிந்தார்களா என்று அவை சொல்வதில்லை. கொல்கத்தாவின் நேதாஜி ஆய்வு மையத்திலும், 2019இல் செங்கோட்டையில் திறந்த கிராந்தி மந்திர் அருங்காட்சியகத்திலும், மணிப்பூரின் மொய்ராங்கிலும் இருக்கும் பொருள்களைப் படங்களோடு சேர்த்துப் படிப்பதே பயன்தரும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாலேயே ஒரு பொருள் ஒப்பீட்டு மாதிரியாகிவிடாது. அதைக் கொடுத்தவர் யார் என்று அங்கும் கேட்க வேண்டும்.

எஞ்சுவது கைமாறிய வழி. ஐ.என்.ஏ. சின்னங்கள் இரண்டு பெரிய வழிகளில் உலகத்துக்கு வந்திருக்கின்றன. ஒன்று வென்றவர்களின் வழி. 1945 ஏப்ரல் இறுதியில் போஸ் ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, நகரில் ஒழுங்கு காக்க ஏ.டி.லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் பேர் தங்கினார்கள். மே தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வந்ததும் சரணடைந்தார்கள். அங்கேயும் இம்பாலிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் எடுத்த நினைவுப் பொருள்கள் இங்கிலாந்து வீடுகளுக்கும் ஏலக்கூடங்களுக்கும் போயின. அந்த அதிகாரி எந்த அலகில் இருந்தார், அந்த நாளில் எங்கே இருந்தார் என்று போர்ப்பதிவேட்டில் பார்க்கலாம். ஆகவே இந்த வழியைச் சோதிப்பது எளிது. மற்றொன்று தோற்றவர்களின் வழி. தமிழருக்கு நெருக்கமானது இதுதான். ஜான்சி ராணிப் படையில் பெரும்பான்மையோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவர் 18 வயதில் சேர்ந்து படையின் துணைத் தலைவியானார்; ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய மேலவையில் அமர்ந்தார். அவரைப் போன்ற சிலருக்கு எழுதப்பட்ட வாழ்க்கை உண்டு. தோட்ட லயத்திலிருந்து போனவர்களில் பலருக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண்கள் திரும்பி வந்த உலகம் சின்னத்தைப் பெருமையாக மாட்டி வைக்கும் உலகமாக இருக்கவில்லை. 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுத்தூணை அவ்வாண்டே திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூணுக்கே அந்தக் கதி என்றால், ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்த வில்லைக்கு என்ன பாதுகாப்பு? 1948இல் மலாயாவில் அவசரநிலை வந்து, தோட்டங்களில் சோதனைகள் நடந்தபோது, சீருடைத் துண்டு வைத்திருப்பதே வம்பு என்று எரித்தவர்களும் புதைத்தவர்களும் இருந்திருப்பார்கள். இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பங்களில் பெயரே மாறியது: தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு படையில் பதிந்த பெண், திருமணத்துக்குப்பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு ஓய்வூதியம் கேட்டார். இந்த மாற்றம் தெரியாமல் பட்டியலைத் தேடுபவர், மெய்யான சின்னத்தை 'ஆளில்லாதது' என்று ஒதுக்கிவிடுவார். எனவே இந்த வழியைத் தேடுவதற்கு உலோகம் தெரிந்தால் போதாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் நம்மவர் வைத்த தமிழ்ப் பெயரும், பிறந்த ஊர், தகப்பன் பெயர், கப்பலேறிய ஆண்டு, ஐ.என்.ஏ.வைத் தாங்கிய இந்திய சுதந்திர லீக்குக்கு நகை கொடுத்ததற்கான ரசீது, ஓய்வூதிய மனுவோடு இணைத்த சான்று, முகாமில் எடுத்த ஒரு மங்கிய படம் என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றையொன்று தாங்கினால் அந்தச் சின்னம் எழுந்து நிற்கும்.

இதே சிக்கலை வியட்நாம் போர்ச் சின்னங்களைச் சேகரிப்பவர்களும் நன்கு அறிவார்கள். வட வியட்நாம் படை 1958இல்தான் பதவிமுறையை ஒழுங்குபடுத்தியது. பிரெஞ்சுக்காரரை எதிர்த்த ஆண்டுகளின் சின்னங்கள் பெரும்பாலும் காட்டுப் பட்டறை வேலை. தெற்கே 1960களில் சைகோன் தையல்காரர்கள் தம் படையினருக்கும் அமெரிக்கர்களுக்கும் வில்லைகள் தைத்துக் கொடுத்தார்கள், உள்ளூர்க்காரர்கள் மெல்லிய தகட்டில் சின்னம் அடித்தார்கள். அங்கே கரடுமுரடான வேலைதான் மெய்யின் அடையாளம் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு அதே கரடுமுரடான வேலை சுற்றுலாப் பயணிகளுக்காகவும் நடந்தது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபோது தென் வியட்நாம் வீரர்கள் சீருடைகளைத் தெருவில் கழற்றி எறிந்தார்கள். சின்னமும் மனிதரும் அந்த நாளிலேயே பிரிந்துவிட்டனர். நம் கதைக்கும் அந்த நகரம் அந்நியமல்ல. புதுச்சேரித் தமிழரான லியோன் புருஷாந்தி அங்கே தம் மாளிகையை இந்திய சுதந்திர லீக்குக்கு விட்டுக்கொடுத்தார். 1945 ஆகஸ்ட் 17 அன்று போஸ் தம் கடைசிப் பயணத்தில் விமானம் ஏறியதும் சைகோனிலிருந்துதான். ஆகவே வியட்நாமியப் பழம்பொருள் கடையில் ஓர் ஐ.என்.ஏ. வில்லை கிடைத்தால் அது நடக்கவே முடியாத காரியம் அல்ல. ஆனால் நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் வேறு.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது அறிவியல் சார்ந்தது: ஆய்வுக்கருவி இருக்கும்போது வாய்மொழியை ஏன் நம்ப வேண்டும்? கருவி நல்லதுதான். புற ஊதா விளக்கில் நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், போருக்குப் பின் பரவலான வெண்மையூட்டி அதில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் அது 1943இல் தைத்ததல்ல. உலோகத்தில், மெய்ச் சின்னத்தை வைத்து மணலில் வார்த்த நகல், குளிர்ந்து சுருங்குவதால் சற்றுச் சிறிதாகவும் விளிம்பு மழுங்கியும் இருக்கும். ஆனால் வார்ப்பு என்றாலே போலி என்ற முடிவு காண்ட் அச்சில் அடித்த சின்னத்துக்குத்தான் செல்லும். சிங்கப்பூர்ப் பட்டறையில் முதல் சின்னமே வார்ப்பாக இருந்திருக்கலாம். பழைய காக்கித் துணியும் பழைய பித்தளையும் இன்றும் கிடைக்கின்றன. பழைய துணியில் புதிதாகப் போட்ட பூத்தையல் பல சோதனைகளைத் தாண்டிவிடும். கருவி தள்ளுவதற்குக் கூர்மையானது, ஏற்பதற்கு மொட்டையானது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கைமாறிய கதையையும் புனையலாமே? குடும்ப நினைவும் பிழைபடுமே? உண்மை. விற்பனைக்கு வரும் பொருளோடு ஒட்டிவரும் கதை பெரும்பாலும் விலையை ஏற்றுவதற்காகச் சொல்லப்படுவது. அதில் எப்போதும் ஒரு கர்னல் இருப்பார், சாதாரணச் சிப்பாய் இருக்கமாட்டார். குடும்பத்துக் கதையில் பொய் இல்லாவிட்டாலும் காலம் கலந்துவிடும். அதனால்தான் கதையைச் சான்று என்று நான் சொல்லவில்லை; சோதிக்கத்தக்க கதையைச் சான்று என்கிறேன். தோட்டப் பெயர், முகாம், ஆண்டு என்று ஒரு கதை சொல்லும் ஒவ்வொரு விவரமும் வேறொரு தாளில் மோதிப் பார்க்கக் கூடியது. பித்தளையிடம் குறுக்கு விசாரணை நடத்த முடியாது, கதையிடம் நடத்த முடியும். மூன்றாவது மறுப்பு, இப்படி வடிகட்டினால் மெய்யான பல சின்னங்களும் தள்ளுபடியாகுமே என்பது. தள்ளத் தேவையில்லை. 'முரண் ஏதுமில்லை, உறுதியாகவில்லை' என்று எழுதி வைத்தால் நாளை ஒரு தாள் கிடைக்கும்போது அது உறுதியாகும். கையில் உறுதியில்லாத பொருளுக்கு உறுதியான பெயர் சூட்டுவதுதான் திருத்த முடியாத சேதம். அடுத்தவர் அதையே ஒப்பீட்டு மாதிரியாக எடுத்துக்கொள்வார், அதைப் பார்த்து மூன்றாமவர் தம்முடையதை மெய் என்பார்.

சேகரிப்பாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. அரசும் கல்விக்கூடங்களும் ஐ.என்.ஏ. பெண்களை மறந்திருந்த பல ஆண்டுகளில், பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த பொருள்களை எடுத்துக் காத்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் சின்னத்தை மட்டும் தேடும் பழக்கத்துக்கு ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. 1942 செப்டம்பரில் ஆனைக்கரைக்கு அதிகத் தொலைவில்லாத தானூர்க் கடற்கரையில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து இறங்கிய சிலர், பினாங்கில் பயிற்சி பெற்ற உளவாளிகள். அவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தோழர்கள் மூவரோடு தூக்கிலிடப்பட்டார். உளவாளி சின்னம் அணிவதில்லை. சின்னங்களை மட்டுமே வைத்து ஐ.என்.ஏ. இயக்கத்தின் வரலாற்றை அடுக்கினால், அதில் உயிர் கொடுத்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் இடமே பெறமாட்டார்கள். மனிதரிலிருந்து தொடங்கிச் சின்னத்துக்கு வருபவருக்கு இந்த இழப்பு நேராது.

சட்டமும் இங்கே அரைக்கண்ணால்தான் பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி பொருளுக்கு 100 ஆண்டு வயதும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படி, ஆவணங்களுக்கு 75 ஆண்டும் வேண்டும். 1943ஆம் ஆண்டின் தாள் 2018லேயே அந்த வயதை எட்டிவிட்டது. அதே ஆண்டின் பித்தளை வில்லைக்கு 2043 வரை காத்திருக்க வேண்டும். நடைமுறையில் நடப்பதோ தலைகீழ். வில்லையைப் பத்திரமாக விற்கிறார்கள், கூடவே இருந்த ரசீதையும் கடிதத்தையும் குப்பையில் போடுகிறார்கள். சட்டம் மதிப்புமிக்கது என்று சொல்வதைத்தான் சந்தை தூக்கி எறிகிறது.

ஆகவே மலாயா, பர்மா சென்று திரும்பிய முன்னோர் உள்ள வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் அப்படி ஒரு வில்லை இருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள்; அந்தக் கறையும் சான்றின் பகுதி. முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுங்கள். அணிந்தவரின் இரண்டு பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும், உங்களுக்கு அதைச் சொன்னவர் யார் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தேதி இடுங்கள். பழைய ரசீதோ கடிதமோ இருந்தால் வில்லையை விட்டுப் பிரிக்காதீர்கள். விற்க நேர்ந்தாலும் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுங்கள். வாங்குபவரே, சின்னத்தைக் கையில் எடுக்கும் முன் அதை அணிந்தவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் இல்லையென்றால் 'உறுதியாகவில்லை' என்று பதிவேட்டில் எழுதி, அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.